மன்றக் கூட்டத்தில் ஒரு கைபேசியைக் கண்டு இவ்வளவு பதற்றம் ஏன்?

சென்ற வாரம் எங்கள் நகர்மன்றக் கூட்டத்தில் பார்வையாளர் வரிசையில் அமர்ந்திருந்த பெரியவரை எழுப்பி வெளியே அனுப்பியதை நம்மூர்க்காரர்கள் அனைவரும் பார்த்துவிட்டீர்கள். அவருடைய கைபேசியிலேயே பதிவான அந்தத் துண்டுக் காட்சி எல்லா வாட்ஸ்அப் குழுக்களிலும் சுற்றிவிட்டதால், நான் மறுபடியும் விவரிக்க வேண்டியதில்லை. அவர் கூச்சலிடவில்லை, குறுக்கே பேசவில்லை. தம் தெருவைப் பற்றிய பொருள், அதாவது மன்றத்தின் முடிவுக்கு வைக்கப்பட்ட விஷயம், வாசிக்கப்பட்டபோது கைபேசியை உயர்த்திப் பிடித்தார், அவ்வளவுதான். அதற்கு, "வேலைவெட்டி இல்லாதவர்களெல்லாம் இங்கே எதற்கு வருகிறீர்கள்?" என்று மேடையிலிருந்து கேள்வி வந்தது.

பத்தடி சிமெண்ட் சாலைக்குப் பூமிபூஜை போடும்போது ஒளிப்பதிவாளர் வந்துவிட்டாரா என்று தலையைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பவர்கள், குப்பை வண்டியைக் கொடியசைத்து அனுப்புவதற்குக்கூட முகநூல் நேரலை போடுபவர்கள், தாங்கள் மன்றத்தில் அமர்ந்து பணத்தை ஒதுக்கும் ஒரு மணி நேரத்துக்கு மட்டும் கேமராவைக் கண்டு கூச்சப்படுகிறார்கள். அங்கே செலவாவது நம்முடைய சொத்து வரி. 2022-இல் அந்த வரியை உயர்த்தியபோது வேலைவெட்டி இல்லாதவர்களுக்கு விலக்கு உண்டு என்று யாரும் சொன்னதாக எனக்கு நினைவில்லை.

கூட்டம் எப்படி நடக்கிறது என்பதை நேரில் பார்த்தவர்களுக்குத் தெரியும். எழுத்தர் பொருளின் எண்ணை வாசிக்கிறார். சில நேரம் தலைப்பு, பல நேரம் எண் மட்டும். மேசை தட்டப்படுகிறது. "ஆல் பாஸ்" என்று பின்வரிசையிலிருந்து ஒரு குரல் வருகிறது. அடுத்த எண். இதில் பாதிப் பொருள்கள், அவசர அவசியம் கருதி மன்றத்தின் அனுமதியை எதிர்நோக்கிப் பணி முடிக்கப்பட்டுவிட்டது, ஆகவே பின்னேற்பு, அதாவது வேலை முடிந்த பிறகான ஒப்புதல், வழங்கலாம் என்ற வகையைச் சேர்ந்தவை. வேலையும் முடிந்து பட்டியல் தொகையும் தயாரான பிறகு விவாதிக்க என்ன இருக்கிறது என்று உறுப்பினர்களே சலித்துக்கொள்கிறார்கள். இதைத்தான் நாம் பார்க்கக் கூடாதாம்.

சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் தெருவில் மழைநீர் வடிகால் கட்டினார்கள். தண்ணீர் ஓட வேண்டிய திசைக்கு எதிர்த்திசையில் சரிவு வைத்து, மூடியும் போட்டு, வண்ணமும் அடித்தார்கள். முதல் மழைக்கே எங்கள் வீட்டு வாசற்படி வரை தண்ணீர் நின்றது. வார்டு உறுப்பினரைக் கேட்டோம்; இந்த வேலை மன்றத்துக்கு வந்ததே தமக்குத் தெரியாது, அதிகாரிகள் பார்த்துச் செய்தது என்றார். தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி பத்து ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லையை ஒட்டித் தகவல் கேட்டேன். தாங்கள் கோரும் விவரம் தொகுக்கப்பட்ட நிலையில் இல்லை என்று பதில் வந்தது. மேல்முறையீடு செய்த பிறகுதான், அலுவலகத்துக்கு வந்து பார்வையிடலாம் என்று அனுமதித்தார்கள். பதிவறையில் ஓர் ஆட்டம் காணும் நாற்காலியில் அமர்ந்து தீர்மானப் புத்தகத்தைப் புரட்டினேன். அந்தப் பொருளுக்கு எதிரே "ஒருமனதாக அனுமதிக்கப்பட்டது" என்று இருந்தது. வருகைப் பதிவில் எங்கள் உறுப்பினரின் கையொப்பம், அழகான பச்சை மையில். அன்றைக்கு அந்தக் கூட்டத்தை யாராவது ஒருவர் கைபேசியில் பதிவு செய்திருந்தால், எனக்கு அத்தனை மாத அலைச்சல் இருந்திருக்காது. அவருக்கும் பொய் சொல்ல வேண்டிய சிரமம் இருந்திருக்காது.

பதிவு செய்ய விட்டால் வெட்டி ஒட்டிக் கேலி செய்வார்கள் என்கிறார்கள். செய்வார்கள்தான், குறிப்பாகப் பெண் உறுப்பினர்களின் பேச்சைத் தேடிப் பிடித்துக் கிண்டல் செய்யும் கூட்டம் இருப்பதை நான் மறுக்கவில்லை. அதற்கு மருந்து, நகராட்சியே முழுக் கூட்டத்தையும் பதிவு செய்து வெளியிடுவது. முழுப்பதிவு கையில் இருந்தால் வெட்டி ஒட்டியவன் அன்று மாலையே அம்பலப்படுவான். ஆனால் பெண் உறுப்பினர்களின் மரியாதையைப் பற்றி இவ்வளவு கவலைப்படுகிறவர்கள், அவர்களுடைய கணவன்மார்கள் அதே அரங்கில் சுவரோரமாக நின்று, எந்தப் பொருளுக்கு எழ வேண்டும், எப்போது உட்கார வேண்டும் என்று கண்ணால் சைகை காட்டுவதை ஒருநாளாவது தடுத்திருக்கிறார்களா? வாக்களித்த பெரியவர் வெளியாள். யாரும் வாக்களிக்காத கணவர் உள்ளாள்.

கூட்டத்தின் ஒழுங்கு கெடும் என்பது அடுத்த சாக்கு. நாற்காலியைத் தூக்கியதும், நகல்களைக் கிழித்தெறிந்ததும், ஒருமையில் பேசிக்கொண்டதும் பார்வையாளர் வரிசையில் நடந்தவை அல்ல என்பதோடு இதை நிறுத்திக்கொள்கிறேன்.

தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005-இல் வந்தது. அதன் 4-ஆவது பிரிவைப் படித்துப் பாருங்கள். மன்றங்கள், குழுக்கள் ஆகியவற்றின் கூட்டங்கள் பொதுமக்களுக்குத் திறந்தவையா, அவற்றின் நடவடிக்கைக் குறிப்புகள் பொதுமக்களுக்குக் கிடைக்குமா என்பதை ஒவ்வொரு அலுவலகமும் யாரும் கேட்காமலே வெளியிட வேண்டும் என்று அதில் இருக்கிறது. மக்களவை நடவடிக்கையை வீட்டிலிருந்தே பார்க்கிறோம். நம் சட்டமன்றத்தின் கேள்வி நேரம் 2022 முதல் நேரலையில் வருகிறது. அதே ஆண்டு செப்டம்பரில் உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வே நேரலைக்கு வந்துவிட்டது. இவர்களையெல்லாம் விடவா எங்கள் நகர்மன்றத்தின் இரகசியம் பெரியது?

கிராம சபையில் எங்கள் அத்தை, தெருவிளக்குக்கு வாங்கிய பல்புகளின் கணக்கை எழுந்து நின்று கேட்பதை நான் பார்த்திருக்கிறேன். பதில் சரியாக வந்தது என்று சொல்ல மாட்டேன். ஆனால் "நீ யார் கேட்பதற்கு?" என்று யாரும் அவரைக் கேட்டதில்லை. நகரத்துக்குக் குடிவந்த பாவத்துக்கு எனக்கு அந்த உரிமையும் போய்விட்டது. கிராம சபையைப் போல நகரத்து வார்டுகளுக்கும் பகுதி சபை வந்துவிட்டதே என்பீர்கள். 2022 நவம்பர் 1 அன்று பம்மலில் நடந்த பகுதி சபைக் கூட்டத்தில் முதலமைச்சரே வந்து உட்கார்ந்தார், மறுக்கவில்லை. எங்கள் வார்டின் பகுதி சபை எப்போது கூடியது, யார் யார் கையெழுத்திட்டார்கள் என்பதை எங்கள் தெருவில் ஒருவரும் அறியோம். புகைப்படம் மட்டும் பார்த்தோம், அதில் இருந்தவர்களில் பாதிப் பேர் வேறு வார்டுக்காரர்கள்.

வாக்களித்தாயிற்று, இனி உறுப்பினர் பார்த்துக்கொள்வார் என்று அறிவுரை சொல்லும் நண்பர்களுக்கு ஒன்று. 2016 அக்டோபரோடு பதவிக்காலம் முடிந்த பிறகு, 2022 பிப்ரவரி வரை நகர்ப்புறங்களில் தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றமே இல்லை. மன்றத்துக்குப் பதிலாக அரசு அமர்த்திய தனி அலுவலர்களிடம் மனு கொடுத்து நின்றவர்கள் நாங்கள். மன்றம் மீண்டும் வரும், கேட்க ஆள் இருக்கும் என்று வரிசையில் நின்று வாக்களித்தவர்களில் அந்தப் பெரியவரும் ஒருவர். அவரைத்தான் வேலைவெட்டி இல்லாதவர் என்று சொல்லி எழுப்பிவிட்டார்கள். உள்ளே இருந்த ஒரு உறுப்பினர்கூட, ஆளுங்கட்சி எதிர்க்கட்சி எதிலிருந்தும், "அவர் இருந்துவிட்டுப் போகட்டும்" என்று சொல்லவில்லை. எனக்கு அதுதான் ஆறவில்லை.

நீ எந்தக் கட்சி என்று இந்தப் பதிவின் கீழே கேட்கக் காத்திருப்பவர்கள், முதலில் அடுத்த கூட்டத்தின் பொருள் நிரலை அலுவலக அறிவிப்புப் பலகையில் மூன்று நாள் முன்னதாக ஒட்டச் சொல்லி ஒரு மனு எழுதிக் கொண்டுவாருங்கள். உங்கள் கட்சிக் கடிதத்தாளிலேயே எழுதுங்கள், நானும் கையெழுத்திடுகிறேன்.