ஆண்கள் மறந்துவிடுவார்கள், பெண்கள் மட்டும்தான் உடைந்துபோவார்களா?

கல்லூரியில் காதலிக்காமலேயே உடலுறவு வைத்துக்கொண்டால் பையனுக்கு ஒன்றும் ஆகாது, பெண்ணுக்குக் கட்டாயம் மனச்சோர்வு வரும் என்று ஒரு பதிவு சுற்றி வருகிறது. இது தவறு.

அமெரிக்காவின் பிங்காம்டன் பல்கலைக்கழக மாணவர்களிடம் கேட்டு 2008-ல் வெளியான ஆய்வில், இப்படிக் காதலில்லாமல் நெருங்குவதற்கு 89% பேர் உடல் இன்பத்தைக் காரணமாகச் சொன்னார்கள், சரி. ஆனால் 54% பேர் மன நிறைவையும், 51% பேர் இது காதலாக மாறாதா என்ற ஆசையையும் சொன்னார்கள், அதில் ஆண் பெண் வித்தியாசம் தெரியவில்லை. மறுநாள் முழுக்க ஒரு மெசேஜுக்காக போனையே பார்த்துக்கொண்டிருக்கும் பையன்களும் இருக்கிறார்கள், அவர்களை யாரும் கண்டுகொள்வதில்லை.

அப்புறம் மனநலம். கார்னெல் பல்கலைக்கழக மாணவர்களை ஒரு கல்வியாண்டு பின்தொடர்ந்து 2015-ல் வெளியான ஆய்வு, ஏன் செய்தார்கள் என்பதையும் கேட்டது. தானே விரும்பிப் போனவர்களிடம் பாதிப்பு தெரியவில்லை. போதையில் நடந்தது, பிறர் அழுத்தத்துக்காகப் போனது, பழிவாங்கப் போனது என்று, அந்த உறவை மனதார விரும்பாமல் போனவர்களுக்குத்தான், ஆணோ பெண்ணோ, தன்மதிப்பு குறைந்து பதற்றமும் சோர்வும் கூடியிருந்தன.

பெண்கள் சராசரியாகக் கொஞ்சம் அதிகம் வருந்துவதாகப் பல ஆய்வுகள் சொல்வது உண்மைதான். ஆனால் வருத்தமும் மனச்சோர்வு நோயும் ஒன்றல்ல. விருப்பமில்லாமல் நடந்து தவிக்கும் ஒருவரிடம் "நீ பெண், அதனால்தான்" என்று தயவுசெய்து சொல்லாதீர்கள்.