தண்ணீர் குடித்தால் டிஸ்க் மறுபடி ஊறிவிடுமா?

"தினமும் நாலு லிட்டர் தண்ணீர் குடிங்க, வற்றிப்போன முதுகெலும்பு டிஸ்க் பழையபடி ஊறிடும்" என்று ஒரு செய்தி சுற்றுகிறது. தவறு. முதுகெலும்பின் எலும்புகளுக்கு இடையே மெத்தை போல இருக்கும் டிஸ்க்கின் நடுவே உள்ள ஜெல்லில் தண்ணீரைப் பிடித்து வைப்பது முக்கியமாக அக்ரிகன் என்ற புரோட்டியோகிளைக்கான் (சர்க்கரைச் சங்கிலிகள் ஒட்டிய புரதம்). அதன் சர்க்கரைச் சங்கிலிகளில் இருக்கும் எதிர்மின்னூட்டம் சோடியம் அயனிகளை இழுக்க, தண்ணீரும் பின்னாலேயே வந்து சேரும், அந்த ஊறிய அழுத்தம்தான் உடல் எடையைத் தாங்குகிறது. பகலில் பிதுங்கி வெளியேறும் நீர் இரவு படுத்ததும் திரும்பிவிடும் (காலையில் நாம் 1 செ.மீ. அளவுக்கு உயரமாக இருப்பது இதனால்தான்). வயதாக ஆக அக்ரிகன் சிதைந்து குறைகிறது. பிடித்து வைக்க ஆளே இல்லாதபோது எத்தனை லிட்டர் குடித்து என்ன? அப்புறம், ஸ்கேனில் டிஸ்க் வற்றியிருப்பது தெரிந்தும் வலியே இல்லாதவர்கள் ஏராளம்.