காஞ்சிபுரத்தில் எடுத்த கூறை

தம்பியின் கலியாணம் முடிந்து நாலு மாதமாகிறது. அதற்காகக் காஞ்சிபுரத்தில் கூறைச் சேலை எடுத்து நாங்கள் ஏமாந்ததை எழுத வேண்டாம் என்று அம்மா இரண்டு தரம் சொல்லிவிட்டா. "சனம் என்ன நினைக்கும் பிள்ளை?" என்பது அவவின் பயம். அந்தப் பயத்தால்தான் எங்கள் ஊரில் இது ஒருவர் பின் ஒருவராக நடந்துகொண்டிருக்கிறது என்று எனக்குப் படுகிறது. அதனால் எழுதுகிறேன்.

காங்கேசன்துறை - நாகபட்டினம் கப்பல் 2023 ஒக்டோபரில் ஓடத் தொடங்கியதிலிருந்து அம்மாவுக்கு ஒரே ஆசை, வரப்போகும் மருமகளுக்குக் கூறையைக் காஞ்சிபுரத்திலேயே எடுக்க வேண்டும் என்று. 2025 வைகாசியில் இரண்டு பேரும் கப்பல் ஏறினோம். காலபோக நெல் விற்ற காசும், அம்மா கட்டிவந்த சீட்டுக் காசும் கையில் இருந்தன.

காமாட்சி அம்மன் கோயிலுக்குப் போக ஓட்டோ பிடிக்கும்போது மதியம் தாண்டிவிட்டது. நாங்கள் கதைத்த விதத்தைக் கேட்டதுமே ஓட்டுநர், "இலங்கையாம்மா?" என்றார். "இப்போ நடை சாத்தியிருப்பாங்க, சாயங்காலம்தான் திறப்பாங்க. அதுக்குள்ள ஒரு நெசவு வீட்டைக் காட்டுறேன். வாங்கணும்னு இல்ல, சும்மா பாருங்க." நடை சாத்தியிருந்தது உண்மைதான். அதனாலேயே அடுத்ததையும் நம்பினோம்.

முன் அறையில் ஒரு தறி. வயதான ஒருவர் நெய்துகொண்டிருந்தார். உடலையும் கரையையும் வேறு வேறு நூலில் ஓட்டி, சேரும் இடத்தில் பூட்டுவதைக் கோர்வை என்று சொல்வார்களாம். அதை நின்று பார்த்தோம். அந்த மனிதரின் கை வேலையில் ஒரு பொய்யும் இல்லை. ஆனால் அவர் நெய்ததற்கும் உள் அறை அலுமாரியில் அடுக்கியிருந்ததற்கும் சம்பந்தம் இல்லை என்பது எங்களுக்கு எப்படித் தெரியும்?

கடைக்காரர் அம்மாவைக் கதிரையில் இருத்தி மோர் கொடுத்தார். எந்த ஊர் என்று கேட்டார். புதுக்குடியிருப்பு என்றதும், "முள்ளிவாய்க்கால் பக்கமாம்மா?" என்றார்.

அம்மா அந்தக் கதையை யாரிடமும் சொல்வதில்லை. பிள்ளைகளான எங்களிடமே முழுதாகச் சொன்னதில்லை. அன்று அந்த முன்பின் தெரியாத மனிதரிடம் சொன்னா. 2009 சித்திரையில் அப்பாவைப் பதுங்குகுழி வாசலிலேயே விட்டுவிட்டு வந்ததை, மூடிவிட்டு வர ஒரு துணிகூட இல்லாமல் இருந்ததை. அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "உங்ககிட்ட லாபம் வெச்சா எனக்குச் சோறு இறங்காதும்மா" என்று சொல்லி, 42,000 இந்திய ரூபாய் போட்டிருந்த அரக்குச் சிவப்புச் சேலையை 32,000க்குத் தந்தார். அம்மா அவரைக் கையெடுத்துக் கும்பிட்டா.

இதை நினைக்கும்போது காசை விட அந்தக் கும்பிடுதான் எனக்கு நெஞ்சில் நிற்கிறது.

ஊருக்கு வந்து, கூறையோடு வரும் சட்டைத் துண்டை வெட்டித் தைக்கக் கொடுத்தோம். இரண்டாம் நாள் தையல்கார அக்கா என்னைத் தனியாக வரச் சொன்னா. வெட்டிய ஓரத்திலிருந்து ஒரு நூலை இழுத்து நெருப்புக்குச்சியைப் பிடித்தா. பட்டு என்றால் மயிர் எரிகிற மணம் வரும், விரலால் நசித்தால் சாம்பல் பொடியாகும். இது சுருண்டு உருகி, கறுத்த கடுகுமணி மாதிரி நுனியில் நின்றது. பிறகு சரிகையை நகத்தால் சுரண்டினா. நல்ல சரிகையென்றால் பட்டு நூலில் வெள்ளிக் கம்பியைச் சுற்றிப் பொன்முலாம் போட்டிருக்கும். சுரண்டினால் உள்ளே சிவப்புப் பட்டு தெரியுமாம். எங்களுடையதில் வெள்ளை நூல்தான் இருந்தது. "குறை நினையாதை தங்கச்சி, இது பட்டில்லை" என்றா.

32,000 இந்திய ரூபாய் என்றால் எங்கள் காசில் ஒரு லட்சத்துப் பன்னிரண்டாயிரம். அந்த மாசியில் அரசாங்கம் நாட்டு நெல்லுக்கு அறிவித்த விலை கிலோவுக்கு 120 ரூபா. 930 கிலோவுக்கு மேல் நெல். வெட்டி, தூற்றி, காயவைத்த நெல்.

கடையில் தந்த சீட்டை அப்போதுதான் எடுத்துப் பார்த்தேன். மேலே 'எஸ்டிமேட்' என்று மட்டும் இருந்தது. இந்தியாவில் ஒழுங்கான பில் என்றால் கடையின் ஜிஎஸ்டி (சரக்கு, சேவை வரி) எண் இருக்கும். 15 எழுத்தும் இலக்கமும் கலந்தது, தமிழ்நாட்டுக் கடைக்கு 33 என்று தொடங்கும். எங்கள் துண்டில் அது இல்லை. சுத்தப் பட்டுக்கு மத்திய பட்டு வாரியத்தின் 'சில்க் மார்க்' அட்டை தொங்கும் என்பதும் பிறகு தெரிந்ததுதான். காஞ்சிபுரம் பட்டுக்குப் புவிசார் குறியீடு, அதாவது அந்த ஊர்ப் பொருளுக்கு மட்டுமே அந்தப் பெயர் என்ற உரிமை, கிடைத்தே இருபது வருஷமாகிறது. இவ்வளவு காவல் இருந்தும் நாங்கள் ஒன்றையும் கேட்கவில்லை. கண்ணீர் விட்ட மனிதரிடம் பில் கேட்க யாருக்கு வாய் வரும்?

"வேறு நாட்டுக்குப் போனால் கவனமா இருக்க வேண்டாமோ" என்று மாமி கேட்டா. அம்மாவுக்கு அது வேறு நாடாகத் தெரியவேயில்லை, மாமி. கோயில், பாஷை, சாப்பாடு எல்லாம் எங்களுடையது. சிங்களம் பேசும் கடையிலோ பாங்கொக்கிலோ நாங்கள் பத்துத் தரம் யோசித்திருப்போம். இதற்காகத் தமிழ்நாட்டுச் சனத்தைத் திட்டுகிறவர்களோடும் நான் சேரமாட்டேன். நாகபட்டினத்தில் பேருந்துக்கு நின்றபோது அம்மாவுக்குத் தலைசுற்றியது. பெயர்கூடச் சொல்லாமல் ஒரு மனுஷி மடியில் கிடத்தி விசிறினா. அந்த முன் அறைத் தறிக்காரரும் எங்களைப் போல ஏமாற்றப்பட்டவர்தான். நாள் கணக்காக நெய்கிற சேலைக்குச் சேரவேண்டிய காசு உருகும் நூலுக்குப் போகிறது.

எனக்குக் கோபம் எங்கள் மௌனத்தில்தான். கலியாண வீட்டுச் சமையல்கட்டில் இந்தக் கதையை மெல்லச் சொன்னேன். தேங்காய் திருவிக்கொண்டிருந்த இருவர் நிமிர்ந்து பார்த்தார்கள். அவர்களும் இப்படி ஏமாந்தவர்கள்தான்: ஒருவருக்கு இரண்டு சேலை, மற்றவருக்கு ஐந்து. ஒருவர் இன்னும் புருஷனிடம் சொல்லவில்லை. நாங்கள் மூன்று பேரும் ஒரே சந்தியில் பஸ் ஏறுகிறவர்கள். அவர்களில் ஒருவர் வாய் திறந்திருந்தால் அம்மா அந்தக் கதிரையில் இருந்திருக்கமாட்டா.

கூறை கடைசியில் கிளிநொச்சியில் கடன் சொல்லி எடுத்தோம். மருமகளிடம் எல்லாவற்றையும் சொன்னோம். பிள்ளை அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு, ஒன்றும் பேசாமல் இருந்தாள்.

ஆவணிக்குக் கலியாணம் வைத்திருப்பவர்கள் கப்பலுக்குப் பதியத் தொடங்கிவிட்டார்கள். அங்கே நிற்கும்போதே பிழை தெரிந்தால் 1915க்கு அழையுங்கள், அது இந்தியாவின் நுகர்வோர் உதவி எண். அதற்கு முதல், போகிறவர்கள் எங்கள் வீட்டுப் பக்கம் வாருங்கள். அந்தச் சேலை, எஸ்டிமேட் துண்டு, ஒரு நெருப்புப்பெட்டி மூன்றையும் அலுமாரியில் ஒன்றாக வைத்திருக்கிறேன்.