"பால் பத்தலையோ?" என்று கேட்பதை நிறுத்துங்கள்

பிள்ளை பெற்று நாலு நாள்கூட ஆகாத பெண்ணிடம், குழந்தை வீறிட்டதும் சுற்றி இருப்பவர்கள் கேட்கும் முதல் கேள்வி இதுதான். கேட்டவர்கள் மறந்துவிடுவார்கள். அவள் விடிய விடிய அதையே நினைத்து மருகுவாள். எனக்கு இதில் கோபமே வருகிறது.

முதல் இரண்டு மூன்று நாள் வருவது சீம்பால். கெட்டியாக, கொஞ்சமாகத்தான் சுரக்கும். நல்லபடியாகப் பிறந்த பெரும்பாலான குழந்தைகளுக்கு அப்போது அதுவே போதும். எடை சற்றுக் குறைந்து, இரண்டு வாரத்துக்குள் திரும்ப ஏறிவிடும். அப்புறம் 24 மணி நேரத்தில் 8 முதல் 12 முறை குடிப்பதும், சாயங்காலமானால் திரும்பத் திரும்பப் பால் கேட்பதும் இயல்புதான். பயந்துபோய் புட்டியை எடுப்பது பெரும்பாலும் அந்த நேரத்தில்தான். குழந்தை உறிஞ்ச உறிஞ்சத்தான் பால் ஊறும் என்பதால், தேவையில்லாமல் கொடுக்கும் புட்டி ஊறுவதையும் குறைத்துவிடும். மருத்துவர் சொல்லிக் கொடுத்தால் அது வேறு. அந்தத் தாயையும் யாரும் குறை சொல்ல வேண்டாம்.

அழுகை பசியின் கடைசி அறிகுறி. அதற்கு முன்பே குழந்தை தலையைத் திருப்பித் தேடும், நாக்கை நீட்டும், கையை வாய்க்குக் கொண்டுபோகும். அப்போதே எடுத்துவிட்டால் நன்றாகப் பற்றும்: வாய் அகலத் திறந்து, கீழுதடு வெளியே மடங்கி, முகவாய் மார்பில் பதிந்திருக்கும். விழுங்கும் சத்தமும் கேட்கும். பால் போகிறதா என்று தெரிய வேண்டுமா? குழந்தை ஒன்றுக்குப் போய் நனைத்த துணியை எண்ணுங்கள். ஐந்தாம் நாளிலிருந்து ஒரு நாளைக்குக் குறைந்தது ஆறு இருக்க வேண்டும்.

வயிறு நிறைந்த குழந்தையும் அழும். இரண்டாம் வாரத்திலிருந்து அழுகை கூடி, ஆறாவது வாரத்தை ஒட்டி உச்சத்துக்குப் போய், மூன்று நான்கு மாதத்தில் தணியும். சட்டையைக் கழற்றி வெற்று மார்போடு அணைத்துக்கொள்வது பல குழந்தைகளை அமைதிப்படுத்தும். அதை அப்பாவும் செய்யலாம், செய்யட்டும். எதற்கும் அடங்காமல் நமக்கே பொறுமை போகிறதா, மல்லாக்கப் பத்திரமாகப் படுக்கவைத்துவிட்டுச் சில நிமிடம் வெளியே போய் வாருங்கள். எந்தக் காரணத்துக்காகவும் குலுக்காதீர்கள்.

உண்மையில் கவலைப்பட வேண்டியது, எழுப்பினாலும் குடிக்காமல் துவண்டு தூங்கும் குழந்தையைப் பார்த்துத்தான். "சமத்துப் பிள்ளை" என்று விட்டுவிடுகிறார்கள். அதுவோ, 38 டிகிரி செல்சியஸ் காய்ச்சலோ தெரிந்தால் விடியட்டும் என்று காத்திருக்காமல் உடனே மருத்துவமனைக்குக் கிளம்புங்கள்.