டோனி டிராகோ திறமையை வீணடித்தவர் இல்லை

மேசைமேல் கோலால் பந்தை அடித்துப் பாக்கெட்டில் விழவைக்கும் ஸ்னூக்கர் ஆட்டத்தைப் பார்ப்பவர்களிடம், அதன் வீரர் டோனி டிராகோ பேரை எடுத்தால் பெரும்பாலும் ஒரே பதில்தான் வரும். "செம வேகம். கொஞ்சம் நிதானமா ஆடியிருந்தா எங்கேயோ போயிருப்பார்." பல வருடமாகக் கேட்கிறேன். எனக்கு இதில் உடன்பாடே இல்லை.

டிராகோ 1965இல் மால்டாவின் தலைநகர் வல்லெட்டாவில் பிறந்தவர். 316 சதுர கிலோமீட்டர்தான் அந்த நாடு. 1985இல் அவர் தொழில்முறை ஆட்டத்துக்கு வந்தபோது அங்கே நான்கு லட்சம் பேர்கூட இல்லை. ஆனால் திறமைக்குப் பஞ்சமில்லை. பால் மிஃப்சுட் 1985, 1986 என்று அடுத்தடுத்து உலக அமெச்சூர் பட்டம் வென்றார். இருந்தாலும் தொழில்முறைத் தரவரிசையில் முதல் பத்துக்குள் நுழைந்த மால்டாக்காரர் டிராகோ மட்டுமே. 1998இல் பத்தாவது இடம்.

அவர் ஆடுவதைப் பார்த்திருக்கிறீர்களா? பந்து பாக்கெட்டில் விழுவதற்குள் அடுத்த பந்தை நோக்கி நடக்க ஆரம்பித்துவிடுவார். குனிவார், அடிப்பார், அவ்வளவுதான். ஐந்து ஃபிரேம், அதாவது சுற்று, எடுத்தால் வெற்றி என்ற ஓர் ஆட்டத்தை 34 நிமிடத்தில் முடித்திருக்கிறார். சூறாவளி என்று சும்மா பேர் வைக்கவில்லை.

சரி, பெரிய மேடையில் தோற்றாரே என்பீர்கள். தோற்றார்தான். 1988 உலக சாம்பியன்ஷிப் காலிறுதியில் அப்போதைய சாம்பியன் ஸ்டீவ் டேவிஸிடம் 13-4. 1997இல் அபர்டீனில் நடந்த இன்டர்நேஷனல் ஓப்பன் இறுதியில் ஸ்டீபன் ஹென்ட்ரியிடம் 9-1. எனக்கே அந்த ஸ்கோர்கள் இன்னும் வலிக்கின்றன. ஆனால் ஹென்ட்ரி தொண்ணூறுகளில் ஏழு உலகப் பட்டம் வென்றவர். நிதானமாக ஆடிய எத்தனை பேரை இதேபோல வாரிச் சுருட்டினார்! அவர்கள் தோற்றபோது யாரும் நிதானத்தைக் குறை சொல்லவில்லையே.

வேகமாகக் கோலம் போடுகிறவரை நிறுத்தி நிறுத்திப் போடச் சொல்லிப் பாருங்கள், இழை கோணிக்கொள்ளும். டிராகோவுக்குக் கண்ணும் கையும் ஒன்றாக ஓடின. யோசிக்க நேரம் கொடுத்தால் நிதானம் வராது, சந்தேகம்தான் வரும். பொறுமையாக ஆடவே தெரியாதவர் என்பதும் பொய். 2002இல் 147 அடித்தவர் அவர், ஒரு ஃபிரேமில் தொடர்ந்து பந்து போட்டு எடுக்கக்கூடிய உச்சப் புள்ளி அது. 15 சிவப்பு, ஒவ்வொன்றுக்கும் பிறகு கறுப்பு, கடைசியில் வண்ணப் பந்துகள் ஆறு. ஒரு பந்துகூடத் தவறாமல் 36 பந்து போட வேண்டும்.

அப்புறம் பூல், ஸ்னூக்கர் போலவே சின்ன மேசையில் ஆடுவது. அதைப் பற்றிப் பேசாமல் அவரை எடைபோடுவதுதான் பெரிய அநியாயம். பன்னிரண்டு அடி மேசையிலிருந்து ஒன்பது அடி மேசைக்கு வந்தார். நிதானமா ஆடு என்று எல்லோரும் சொன்ன அதே வேகத்தோடு 2003இல் உலக பூல் மாஸ்டர்ஸ் பட்டத்தை வென்றார். 2007இல் லாஸ் வேகாஸில், அமெரிக்காவுக்கு எதிரான பூல் அணிப் போட்டியான மோஸ்கோனி கோப்பையை ஐரோப்பா வென்றபோது அந்த அணியில் அவர் இருந்தார்.

அடுத்த ஆண்டு அந்தப் போட்டி மால்டாவிலேயே நடந்தது. தன் ஊர்க்காரர்கள் கண் முன்னால், ஐரோப்பிய அணியின் சட்டையில், அதே சூறாவளி வேகத்தில் ஆடினார் டிராகோ. ஐரோப்பா 11-5 என்று ஜெயித்தது. அவருக்கு அப்போது வயது 43.