சிலுவையும் தாவீதின் நட்சத்திரமும் ஒரே துணியில் இருந்தால் போதுமா?

யூத, கிறிஸ்தவ மரபுகளை இணைக்கும் துணிக்கலை என்று சொல்லி, இரண்டு சின்னத்தையும் பக்கத்தில் பக்கத்தில் தைத்துத் தொங்கவிடுகிறார்கள். என்னைக் கேட்டால் அது பேனர். இணைப்பு நெய்யும் நூலிழையில் இருக்க வேண்டும்.

எந்த இழையோடு எந்த இழை சேரலாம் என்று பார்க்க பைபிளின் உபாகமம் 22:11-ஐத் தமிழில் படிப்பவர்களுக்கு ஒரு குழி காத்திருக்கிறது. "ஆட்டுமயிரும் பஞ்சுநூலும் கலந்த வஸ்திரம்" கூடாது என்று பழைய மொழிபெயர்ப்பு சொல்கிறது. எபிரேயத்தில் இருப்பது பருத்தி அல்ல, லினன், அதாவது ஆளிநார். கம்பளியோடு பருத்தி சேரலாம், பட்டும் சேரலாம். லினன்தான் சேரக் கூடாது. இதற்குப் பெயர் ஷாட்னெஸ். வேடிக்கை என்னவென்றால், யூத மரபின்படி அதே கலவைதான் ஆசாரியனின் இடைக்கச்சை!

திருப்பலிப் பீடத்துக்கு லினன் துணியே வழக்கம். அதில் கம்பளி நூலால் பூவேலை செய்தால் அங்கே யாரும் கேட்க மாட்டார்கள். அதே வேலையை யூதர் தொழுகையில் போர்த்தும் தல்லித்தில் செய்தால் துணியே வீண். உடுத்தாமல் தொங்கவிடும் திரைக்கு எவ்வளவு கண்டிப்பு என்பதை அந்தத் தொழுகைக்கூடத்து ரபியிடம் (யூத மதகுரு) கேட்டுக்கொள்ளுங்கள், நெய்வதற்கு முன்பே.

பெரும்பாலும் தப்பு நடப்பது முகப்பில் அல்ல, உள்ளே. சரிகை வேலை புடைத்து நிற்க அடியில் வைக்கும் ஃபெல்ட் (இழைகளை அழுத்திச் செய்த தடித்த துணி) கம்பளியாக இருக்கும். தையல் நூல் லினனாக இருக்கும். இரண்டு தையல் விழுந்தாலே இரண்டும் இணைந்ததாகக் கணக்கு. எரித்துப் பார்த்தால் கம்பளி தெரிந்துவிடும், முடி கருகும் வாடை. ஆனால் லினன், பருத்தி இரண்டுமே காகிதம்போல எரியும், பிரித்துச் சொல்ல முடியாது. நுண்ணோக்கியில் வைத்தால் லினன் மூங்கில்போலக் கணுக்கணுவாகவும், பருத்தி முறுக்கிய நாடாவாகவும் தெரியும். லினன் அடித்துணி, பட்டுப் பூவேலை, பருத்தித் தையல் நூல், அடியில் அக்ரிலிக் ஃபெல்ட்: இப்படிப் போனால் வம்பே இல்லை.

நெசவுக் கலைஞர் ஆனி ஆல்பர்ஸ் 1965-66இல் நியூயார்க் யூத அருங்காட்சியகத்துக்காக நெய்த 'ஆறு பிரார்த்தனைகள்' படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். யூத வம்சம், புராட்டஸ்டண்ட் ஞானஸ்நானம் பெற்றவர். கொல்லப்பட்ட அறுபது லட்சம் யூதருக்காக ஆளுயரத்தில் ஆறு துணிகள். பருத்தி, லினன், பட்டை நார், வெள்ளி இழை, கம்பளி கிடையாது. சிலுவை, நட்சத்திரம் எதுவும் இல்லை. நெசவின் மேல் தனியாக ஒரு ஊடை (குறுக்கு) நூல் கையெழுத்துபோல வளைந்து வளைந்து ஓடுகிறது. கிட்டப்போய் வாசிக்கப் பார்த்தால் ஓர் எழுத்துகூடச் சிக்காது.