பான் சரி, ஜிஎஸ்டி சரி. விளம்பரத்தை யார் படிப்பது?

சர்க்கரை நோயை 21 நாளில் வேரோடு அகற்றுவதாகச் சொல்லிச் சூரணம் விற்கும் இணையக் கடைகளைப் பார்க்கும்போதெல்லாம், அரசு என்ன செய்கிறது என்றுதான் கேட்கிறோம். அந்தக் கேள்வி நியாயமானதே. ஆனால், வாங்குபவரின் பணத்தை விற்பவரின் கணக்கில் கொண்டுபோய்ச் சேர்த்து, அதற்குக் கட்டணமும் பெறும் பேமென்ட் கேட்வே நிறுவனங்களையும் அதே கேள்வி கேட்க வேண்டும் என்பது என் கருத்து.

வணிகரைத் தங்கள் சேவையில் சேர்க்கும் முன் இந்நிறுவனங்கள் அவருடைய பின்னணியை விசாரிக்க வேண்டும் என்றும், அவருக்கு வாடிக்கையாளரை ஏமாற்றும் நோக்கம் இல்லை என்பதை உறுதிசெய்துகொள்ள வேண்டும் என்றும் ரிசர்வ் வங்கி 2020 மார்ச்சிலேயே வழிகாட்டுதல் வெளியிட்டது. அந்த விசாரணை பான், ஜிஎஸ்டி, உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 14 இலக்க உரிம எண் ஆகியவற்றைச் சரிபார்ப்பதோடு நின்றுவிட்டால் பயனில்லை. அந்த எண் உணவுத் தொழில் நடத்துவதற்கான அனுமதியே தவிர, அந்தப் பொருள் நோயைத் தீர்க்கும் என்பதற்கான சான்று அன்று.

படிக்க வேண்டியது விற்பனைப் பக்கத்தைத்தான். ஹெல்த் சப்ளிமென்ட் டப்பாவில் 'மருத்துவப் பயன்பாட்டுக்கு அன்று' என்ற பொருளில் ஒரு வரி இருந்தாக வேண்டும் என்பது விதி. அதே டப்பாவின் படத்துக்கு மேலே, "இனி மாத்திரையே வேண்டாம்" என்று கொட்டை எழுத்தில் போட்டிருப்பார்கள். இரண்டையும் சேர்த்துப் படிக்கும் ஊழியருக்கு மருத்துவ அறிவுகூடத் தேவையில்லை. எந்தெந்த நோய்களைத் தேடிப் பார்ப்பது என்பதற்கும் பட்டியல் தயாராக இருக்கிறது: 1954-ஆம் ஆண்டின் மருந்துகள் மற்றும் மாய நிவாரணங்கள் சட்டத்தின் அட்டவணையில் நீரிழிவு, புற்றுநோய், வலிப்பு, உடல் பருமன், ஆண்மைக் குறைவு என 54 இனங்கள் உள்ளன. (உயரம் கூட்டுவதும் அதில் உண்டு!) விற்பவர் தம்முடையது சித்த மருந்து என்று வாதிட்டால், சித்த, ஆயுர்வேத மருந்து தயாரிப்பதற்கான 25-டி உரிமத்தைத் தயாரிப்பாளரிடமிருந்து வாங்கிக் காட்டச் சொல்லலாம், முறையாகத் தொழில் செய்பவருக்கு அதைக் காட்டுவதில் சிரமம் இராது. உரிமம் இருந்தாலும் அந்த அட்டவணையிலுள்ள நோய்களைத் தீர்ப்பதாக விளம்பரம் செய்ய முடியாது என்பது வேறு விஷயம்.

சேர்த்த பிறகு, பணத்தைத் திருப்பிக் கேட்கும் சார்ஜ்பேக் புகார்களின் விகிதத்தை மட்டும் பார்த்துக்கொண்டிருப்பது இந்த வியாபாரத்தில் போதாது. ஆண்மைக் குறைவுக்குப் பொடி வாங்கி ஏமாந்தவர் வங்கியில் போய்ப் புகார் எழுதுவாரா? சர்க்கரைக்கு வாங்கியவரோ, பத்தியம் சரியாக இல்லை என்று தம்மையே நொந்துகொண்டு அடுத்த டப்பாவுக்கு ஆர்டர் போடுகிறார். இன்னொரு ஆபத்தும் உண்டு: மூலிகை என்று விற்ற பொருள்களில் சர்க்கரையைக் குறைக்கும் கிளிபென்கிளமைடு போன்ற ஆங்கில மருந்துகள் கலந்திருந்ததை ஆய்வகங்கள் கண்டறிந்திருக்கின்றன. சர்க்கரை குறைவதைக் கண்டு மகிழும் அவர் புகார் செய்யவே மாட்டார். தாழ்சர்க்கரையில் மயங்கி விழும்போதுதான் உண்மை தெரியும்.

ஆகவே, விண்ணப்பிக்கும் நாளில் சத்துமாவுக் கடையாக இருந்த தளம் மூன்று மாதம் கழித்து எதை விற்கிறது என்று வாடிக்கையாளர் போலவே மீண்டும் போய்ப் பார்க்க வேண்டும். முகநூல் விளம்பரம் கொண்டுபோய்விடும் பக்கத்தையும் சேர்த்துப் பார்க்க வேண்டும், ஏனெனில் முகப்புப் பக்கம் பெரும்பாலும் சுத்தமாகவே இருக்கும். நீக்கப்பட்டவர் வேறு பெயரில் அடுத்த நிறுவனத்துக்குப் போவதைத் தடுக்க, மாஸ்டர்கார்டு தன் 'மேட்ச்' பட்டியலில் இத்தகைய வணிகர்களின் விவரத்தை ஐந்து ஆண்டு வைத்திருக்கிறது. யுபிஐயில் மட்டும் பணம் வாங்குபவரை அது தொடாது என்பதால், கேட்வே நிறுவனங்கள் நீக்கிய வணிகரின் பெயரையும் காரணத்தையும் தங்களுக்குள் பகிர்ந்துகொள்ளும் ஏற்பாட்டை ரிசர்வ் வங்கி கட்டாயமாக்க வேண்டும். நீக்கப்பட்டவர் தம் தரப்பைச் சொல்லி மேல்முறையீடு செய்யும் வழியும் அதிலேயே இருக்க வேண்டும்.